மிச்சம் பிடித்த மண்ணெண்ணெய்

மேசையின் அடி இழுப்பறையில் கிடந்த பாராட்டுக் கடிதத்தை ஷிகெனோ மூன்று ஆண்டுகளாக எடுத்துப் பார்த்ததில்லை. மலையடிவாரத்து ஆரம்பப் பள்ளிக்கு அவள்தான் கணக்கர். பனியே காணாத ஒரு குளிர்காலத்தில், வகுப்பறை அடுப்புகளுக்கென ஒதுக்கிய மண்ணெண்ணெய்ப் பணத்தில் பாதி மிஞ்சியது. பக்கத்துப் பள்ளிகள் மார்ச் கடைசியில் காகிதக் கட்டுகளும் சாக்கட்டிப் பெட்டிகளும் வாங்கிக் குவித்து, மிச்சத்தைத் தீர்த்தன. இவளோ ஒரு யென் குறையாமல் நகராட்சிக்குத் திருப்பினாள். அந்த நேர்மைக்குத்தான் கடிதம். அதே நேர்மைக்குத்தான் மறுஆண்டிலிருந்து பாதி ஒதுக்கீடு!

பனி மறுஆண்டே திரும்பி வந்துவிட்டது. பணம் வரவில்லை. இரண்டாம் பாடவேளையோடு அடுப்புகள் அணைந்தன. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கையுறையோடு பென்சில் பிடித்தார்கள்.

"எந்த மகராசன் மிச்சம் பிடிச்சுக் குடுத்தானோ!" என்றாள் சென்ற ஏப்ரலில் மாற்றலாகி வந்த மருத்துவ அறை ஆசிரியை மினோவா. "கையில கிடைக்கட்டும், கோட்டைக் கழட்டிட்டு அந்த வகுப்புல ஒரு நாள் உக்கார வைக்கிறேன்."

"ஆமா டீச்சர், என்ன மனுஷனோ" என்று ஷிகெனோவும் சேர்ந்து சிரித்தாள். அன்று முழுவதும் அவள் அந்த இழுப்பறைப் பக்கம் திரும்பவில்லை.

பிப்ரவரியில் கல்வி அலுவலகத்துக் குசகாரி வந்தார். அடுத்த மூன்றாண்டு ஒதுக்கீட்டை முடிவுசெய்யும் கூட்டம். மினோவாவும் பிள்ளைகளின் இருமல் கணக்கோடு வந்து அமர்ந்திருந்தாள்.

"அஞ்சு வருஷச் செலவப் பாருங்க, தலைமையாசிரியர் ஐயா. பாதியாக் குறைஞ்சிருக்கு. குறைச்சலாவே ஓடுதே, அப்புறம் எதுக்குக் கூட?" என்றார் குசகாரி.

"எங்க ஓடுது? நடுங்குது!" என்றார், மினோவாவைப் போலவே புதிதாய் வந்த தலைமையாசிரியர்.

செலவழியாத பணம் தேவையற்ற பணமாம்! ஏட்டில் ஒரு கோடு இறங்கினால் பிள்ளைகளின் குளிரும் இறங்கிவிடுமாம்! அந்தக் கோட்டை இறக்கிய கை எதுவென்று அறிந்தவள் அங்கே ஒருத்திதான். ஷிகெனோ எழுந்தாள். இழுப்பறையிலிருந்து எடுத்து வந்த பாராட்டுக் கடிதத்தை மேசைமேல் வைத்தாள்.

"தேவை ஒண்ணும் குறையலைங்க. இந்தக் கடிதம் வந்த வருஷம் பனி பெய்யல, அவ்வளவுதான். அப்புறம் நீங்க குடுத்தது பாதி, அதனால செலவும் பாதி. திருப்பிக் குடுத்தது நான்."

மினோவா அவளையே பார்த்தாள்.

"நீங்க செஞ்சது தப்பில்லையே, ஷிகெனோ-சான்" என்றார் குசகாரி.

"அதத்தாங்க மூணு வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

குசகாரி கடிதத்தின் தேதியைச் செலவுத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "இந்த வருஷக் குளிருக்கு ஒண்ணும் செய்ய முடியாது. நடந்தத எழுதிக் குடுங்க. ஏப்ரல் ஒதுக்கீட்டுக்கு அத வச்சுப் பேசிப் பார்க்கிறேன்."

வெளியே வந்ததும் மினோவா தணிந்த குரலில் சொன்னாள்: "நான் சொன்னது ஒரு பேச்சுக்குத்தான், ஷிகெனோ-சான். மனசுல வச்சுக்காதீங்க."

"நீங்க சொன்னது சரிதான், டீச்சர்."

மறுநாள் மூன்றாம் பாடவேளையில், அடுப்பு அணைந்த ஒன்றாம் வகுப்பின் கடைசி நாற்காலியில், கோட்டைக் கழற்றிவிட்டு அமர்ந்து, குசகாரி கேட்டதை ஷிகெனோ எழுதினாள். விரல் மடங்க மறுத்தது. எழுத்துகள் கோணின. அலுவலகத்தில் அழகாகத் திருத்தி எழுதுவதுதான் வழக்கம். அவள் திருத்தவில்லை, அந்தக் கோணல் தாளிலேயே தன் முத்திரையைக் குத்தி அனுப்பினாள்.