பதினொரு நிமிடம்

பசறைக்கு மேலே, அந்தத் தேயிலைத் தோட்டத்தின் உச்சி மலைக்கு லொறி போகாது. உரம் போவதெல்லாம் ஆள் முதுகில்தான். மூட்டை ஒவ்வொன்றும் ஓர் அந்தர், அதாவது நூற்றுப் பன்னிரண்டு றாத்தல். அதைச் சுமந்து படியேறுகிறவர்கள் வழியில் மூன்று இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்குவார்கள். அப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதியிருக்கவில்லை. உடம்பு கேட்டது, கொடுத்தார்கள்.

மூக்கையாவுக்குப் பதினாறு வருஷமாக இதே வேலை. இடுப்பு எப்போதோ போய்விட்டது. காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்பார். ஆளுக்கு அரை அந்தருக்கு மேல் சுமத்தக்கூடாது என்று ஐம்பத்தேழில் தொழிற்சங்கத்து மூலம் மனுப் போட்டபோது, முதல் கைநாட்டு அவருடையது. பெண்டாட்டியின் தம்பி சன்னாசிதான் அவரை இழுத்துக்கொண்டு போய் வைக்கச் செய்தான். அவனும் மூட்டை தூக்குகிறவன்.

அதிசயத்திலும் அதிசயம், அந்த மனுவை யாரோ படித்துவிட்டார்கள். பதுளையிலிருந்து சிவஞானம் என்ற தொழில் இலாகா அதிகாரி வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷர். நேரில் பார்த்து எழுதினால்தான் மேலிடத்தில் எடுபடும் என்று நினைத்தவர்.

"மூட்டை தூக்குறதில ஆர் மூத்த ஆள்?" என்று கேட்டார்.

தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை மூக்கையாவைக் காட்டினார். மூட்டையைத் தூக்கிவிடும் சாக்கில் அவர் காதோரம் குனிந்தார். "ஐயா எதுக்கு வந்திருக்காருன்னு தெரியுமில்ல? தூக்க முடியாதவன் பேர வேலைப் பதிவுல இருந்து வெட்டத்தான். பேரு போனா லயத்துக் காம்பராவும் போயிரும்."

பாவி, காரியத்தை முடித்துவிட்டான். மனுப் போட்டதே தாங்கள்தான் என்பது மூக்கையாவுக்கு மறந்துவிடவில்லை. ஆனால் மனு வெறும் காகிதம். லயத்து வரிசையில் அந்த ஒற்றை அறைக் காம்பராவில் இருப்பது பெண்டாட்டியும் நாலு பிள்ளைகளும்.

"வழமையா ஏறுற மாதிரி ஏறும். அவசரமில்லை," என்றார் சிவஞானம், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

மூக்கையா வழமையாக ஏறுகிற மாதிரி ஏறவில்லை. மூட்டை இறக்கும் முதல் இடம் வந்தது, நிற்கவில்லை. இரண்டாவது இடத்தில் இடுப்புக்குள் யாரோ சூட்டுக்கோலை வைத்தது போல இருந்தது. மூன்றாவது இடத்தில் கால் தானாக நிற்கப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் தாண்டினார். "எறக்கி வைங்க மச்சான்" என்று சன்னாசி கீழேயிருந்து கத்தியது நன்றாகவே கேட்டது. கேட்காத மாதிரி போனார்.

சிவஞானம் மூச்சிரைக்க உச்சிக்கு வந்து சேர்ந்தார்.

"இடுப்பு நோகுதோ?"

"இல்லைங்க."

"வழியில எங்கயும் நிண்டு ஆறுறேல்லையோ?"

"பழகிருச்சுங்க ஐயா."

"உண்மையைச் சொல்லும். நான் எழுதப்போறது உங்களுக்காகத்தான்."

"ஒண்ணும் இல்லைங்க."

சிவஞானம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பதினொரு நிமிடம். பிறகு கண்டதை எழுதிக்கொண்டார். அந்த மனுஷரைச் சொல்லி என்ன பிரயோசனம், காணாததையா எழுதுவார்?

மறுநாள் மூக்கையாவால் பாயை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. பத்து நாள் கிடந்தார். அவர் பேரை யாரும் வெட்டவில்லை. படியோரம் புல் வெட்டப் போட்டு, பாதி நாள் சம்பளத்துக்கு அரைப்பேர் ஆக்கினார்கள். பதினாறு வருஷம் சுமந்ததற்குக் கிடைத்த மரியாதை அது.

மூன்று மாதம் கழித்துத் தோட்டத்து ஆபீஸ் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஆளுக்கு ஓர் அந்தர் வரை சுமத்தலாம் என்றிருந்தது. இதுவரை அநியாயமாக ஏற்றிய பாரம் இனிமேல் நியாயமாக ஏறும். கணக்கப்பிள்ளை அதோடு விடவில்லை. இறக்கி வைக்காமல் பதினொரு நிமிடத்தில் ஏறலாம் என்று ஐயாவே கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார், இனி வழியில் இறக்குகிறவனுக்கு அரைப்பேர்தான் என்றார். கடிகாரமும் கையுமாகப் படியடியில் நின்றார்.

மூக்கையா குந்திப் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது சன்னாசி மூட்டையோடு வந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நிற்காமலே கேட்டான்.

"ஒரே ஒரு தரம் எறக்கி வச்சிருக்கக் கூடாதா மச்சான்?"

மூக்கையா வாயைத் திறப்பதற்குள் அவன் நாலு படி மேலே போய்விட்டான்.