பவளத்திட்டின் குரல்

உருக்கிய பொன்னை வார்த்தாற்போல் விளங்கிய கடற்கழியின்மேல் ஞாயிறு சாய, தென்னந்தோப்பு கருமை பூண, சூடேறிய கற்களிடையே வெந்த ஈரப்பலாவின் மணம் வீடுதோறும் பரவ, சவாயித் தீவின் அச்சிற்றூரில் முதற்சங்கு முழங்கிற்று. முதற்சங்கு கேட்டதும் யாவரும் வீடு திரும்புவர். இரண்டாம் சங்குக்குச் செபம் தொடங்கும். மூன்றாம் சங்கு வரை வெளியே நடமாடுவது குற்றம். அதைக் காக்க இளைஞர் தெருவை நோக்கி நிரையாக நிற்பர். ஆதலின் அவர்தம் முதுகு எந்நாளும் கடலுக்கே இருந்தது.

புதிய போதகர் எலிசாயா, மறைந்த போதகர் பெனியாமினாவின் மறைநூலை விரித்து அமர்ந்திருந்தார். அதன் ஓரங்களெல்லாம் குறிப்புகள்: ஒரு சொல்லை அதன் உறவுச் சொற்களோடு இணைத்து, விளங்காததை வட்டமிட்டு, வட்டமிட்டதைச் செபத்துக்குக் கொண்டுசென்ற ஒரு நல்லறிஞரின் தடங்கள். ஆனால் ஞானத்தை இறைவனிடம் கேட்கச் சொல்லும் பக்கத்தில் மட்டும் விளக்கமில்லை. “பவளத்திட்டிலிருந்து ஒருவன் கூப்பிட்டான். செபம் முடியட்டும் என்றிருந்தேன். முடிந்தபோது குரல் இல்லை” என்றொரு வரி; அதன்கீழ், பதினோராண்டுத் தேதிகள் நெரிசலாய்; ஒவ்வொன்றின் அருகிலும் “இன்றும் கேட்டது” என்பதே.

இரண்டாம் சங்கு ஓய்ந்தது. மனைவி லோசா பாடலைத் தொடங்கினாள். சுவரற்ற அவ்வீட்டினுள், தூண்களினூடே, கடற்பக்கமிருந்து மெல்லியதோர் அழைப்பு வந்தது.

“லோசா, யாரோ கூப்பிடுறாங்க.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே. அந்தப் பக்கத்தையே மூணு மாசமா படிச்சா வேற என்ன கேக்கும்? கண்ண மூடுங்க.”

அவர் கண்களை மூடினார். தமக்கு முன் இருந்தவரும் இவ்வாறே மூடியிருப்பார் என்ற எண்ணம் பனிநீர்போல் முதுகில் இறங்கிற்று. எழுந்தார்.

தெருவில் காவலன் தானியேலு வழிமறித்தான். “போதகரே, நீங்களேவா! ஒரு பன்னி அபராதம். கொழுத்ததா பாத்துக் கட்டி வைங்க!”

“ரெண்டா வாங்கிக்கோ. இப்ப படகைத் தள்ளு!”

“வெளையாட்டுக்குச் சொன்னேன் போதகரே...” என்றவன், அவர் முகத்தைக் கண்டு பின்தொடர்ந்தான்.

ஏறுகின்ற நீரில், திட்டின் விளிம்பில், கடலட்டை பொறுக்கச் சென்ற சீனா என்னும் கைம்பெண் பவளப் பிளவில் கால் சிக்கி நின்றாள். அலை அவள் உதடுகளை மூடி மூடி விலகிற்று. இருவரும் கல்லை நெம்பி அவளைப் படகிலேற்றுகையில், மூன்றாம் சங்கு ஊதிற்று.

“நல்லவேளை, நீ கூப்பிட்டது கேட்டுச்சு” என்றார் எலிசாயா.

சீனா நடுங்கியவாறே அவரைப் பார்த்தாள். “நானா? வாயத் தெறந்தா தண்ணிதான் போச்சு. நான் கூப்பிடவே இல்லையே, போதகரே.”

துடுப்பு தானியேலுவின் கையில் அசையாது நின்றது.

வீடு திரும்பிய எலிசாயா, அந்தப் பக்கத்தின் கடைசி வரிக்குக் கீழே, “போனேன்” என்று மட்டும் எழுதினார். மறுநாள் தொட்டு அந்திச் செபத்தில் அவருக்கு எக்குரலும் கேட்கவில்லை. எனினும், கற்பதும் செபிப்பதும் ஒருவனை எழுப்பிவிடவே என்று அறிந்த அவர், அதன்பின் ஒருநாளும் கடலுக்கு முதுகு காட்டி முழந்தாளிட்டதில்லை.