நரிப்பள்ளத்திலிருந்து பேசுகிறோம்

ஜெபதுரை அந்தப் பெட்டியைச் செய்ததற்குக் காரணம் பால்தான். ஓர் ஐப்பசி மழையில் ஓடைப் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் நரிப்பள்ளத்தில் ஓடைக்கு மேல்புறம் கறவை மாடுகள், கீழ்புறம் கைக்குழந்தைகள். மேலே பால் புளித்து வீணானது. கீழே பிள்ளைகள் பசியில் கத்தின. கயிறு கட்டித் தூக்குச்சட்டியை இழுத்திருக்கலாம். ஆனால் மூடுபனியில் இந்தப் பக்கம் நடப்பது அந்தப் பக்கத்துக்குத் தெரியவில்லை. கூப்பிட்டாலும் வெள்ளத்தின் இரைச்சலில் கேட்கவில்லை.

ஜெபதுரை பட்டாளத்தில் வயர்லெஸ் பிரிவில் இருந்தவர். செண்பகனூர் கடைத்தெருவில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். கல்யாணமான இரண்டாம் வருஷமே மனைவியைப் பறிகொடுத்தவர், அதிகம் பேசமாட்டார். சீமைக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் விட்டுச்சென்ற வால்வுகளையும் கம்பிச்சுருள்களையும் வைத்து, அடுத்த கோடைக்குள் ஒரு ஒலிபரப்புப் பெட்டியைச் செய்துவிட்டார். உருளைக்கிழங்குக் கிடங்கின் பின்னறையில் அதை வைத்து, ஏரியல் கம்பியைத் தைல மரத்தின் உச்சிக்கு ஏற்றினோம். என் டீக்கடை ரேடியோவில் சிலோன் ஸ்டேஷனைத் தாண்டி முள்ளைத் திருப்பினால் எங்கள் ஸ்டேஷன் கேட்கும். அடுத்த மேட்டுக்கு அப்பால் ஒன்றும் கேட்காது.

"கவர்மெண்டுக்குத் தெரிஞ்சா புடிச்சிட்டுப் போயிருவாங்க நல்லுசாமி" என்று முதல் நாளே என்னிடம் சொன்னார்.

"தெரிஞ்சாத்தானே" என்றேன்.

தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் பெட்டி சூடாகும். ஜெபதுரை ஒரே ஒரு வாக்கியம் பேசுவார்: "நரிப்பள்ளத்திலிருந்து பேசுகிறோம், சொல்ல இருக்கிறவங்க வாங்க." அவ்வளவுதான், நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். பிறகு யார் வேண்டுமானாலும் உட்காரலாம். பீன்ஸ் தோட்டக்காரி கித்தேரியம்மாள் தன் கொடிக்குள் ஆட்டை விட்டவனை வைதாள். அவளுடைய வசவைக் கேட்கவே என் கடையில் கூட்டம் கூடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னார்கள். திருமலைச்சாமி தன் சேவலைக் கொண்டுவந்து கூவவைக்கப் பார்த்தான், அது கூவவில்லை. ஒருவரும் வராத நாளில் ஜெபதுரை மைக்கைத் திறந்தே வைத்திருப்பார். கிடங்கின் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் வரும். அதையும் கேட்டுக்கொண்டு வீட்டு வேலை பார்த்த பெண்கள் உண்டு.

அறுபத்தாறாம் வருஷம், தோட்டத் தொழிலாளர்களை இரண்டு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்தத்தின்படி, மேட்டுக் காப்பித் தோட்டத்துக்குச் சிலோனிலிருந்து சில குடும்பங்கள் வந்தன. அவர்களில் ஒருத்தி வடிவு. முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் அங்கேயே இறந்துவிட்டான். அவனோடு சேர்த்து எழுதிக்கொடுத்த மனுவால் இவளுக்கு இந்தியக் குடியுரிமை வந்தது. இவள் தூக்கி வளர்த்த தங்கை சண்முகசுந்தரிக்குச் சிலோன் குடியுரிமை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரே வீட்டில் இருந்த இருவரில் ஒருத்தி கப்பலேறினாள், இன்னொருத்தி கையசைத்தாள்.

ஒருநாள் மாலை வடிவு சீனி வாங்கக் கடைக்கு வந்தாள். ரேடியோவில் சிலோன் ஸ்டேஷன் ஓடிக்கொண்டிருந்தது. நேயர்கள் கேட்ட பாட்டும் அவர்கள் பெயரும் ஊரும் வரிசையாக வந்தன. அட்டன், பதுளை என்று அவள் பக்கத்து ஊர்கள் காதில் விழ விழ, அவள் சீனிப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். நான் வழக்கம்போல முள்ளைத் திருப்பினேன். அதே ரேடியோவுக்குள்ளிருந்து கித்தேரியம்மாள் திட்டத் தொடங்கினாள்.

"இது எந்த ஊரு ஸ்டேஷன்?"

"நம்ம ஊருதான். அந்தா, கிடங்குல."

அவள் நேராகக் கிடங்குக்குப் போனாள். கித்தேரியம்மாள் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு ஜெபதுரையிடம் கேட்டாளாம்: "அங்கருந்து பேசுறது இங்க கேக்குது. அப்ப இங்கருந்து பேசுனா அங்க கேக்கும்தானே ஐயா?"

கேட்காது என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்ததும், "பேசிப் பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

கடையில் நாங்கள் கேட்ட முதல் சத்தம் அவளுடைய மூச்சு.

"ஏ சுந்தரி... அக்கா பேசுறேன். லயத்துக் கூரைய மாத்துனாங்களா? கங்காணிகிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன். மழ ஒழுகுற மூலையில படுக்காத. இங்கயும் குளிரு அங்க மாதிரியேதான் இருக்கு. காலைல கண்ணு முழிச்சா அங்கதான் இருக்கேன்னு நெனச்சிர்றேன். அப்புறம் கைய நீட்டிப் பாக்குறேன், பக்கத்துல நீ இல்ல..."

கடையில் யாரும் டீயைத் தொடவில்லை. திருமலைச்சாமி தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான்.

ஞாயிறுதோறும் அவள் வந்தாள். அதன்பிறகு எங்கள் ஸ்டேஷனே மாறிப்போனது. கித்தேரியம்மாள், பம்பாய்க்கு ஓடிப்போன மகனிடம் பேசினாள். அவள் வாயில் வசவு இல்லாத பேச்சை அன்றுதான் நாங்கள் கேட்டோம். திருமலைச்சாமி செத்துப்போன பெண்டாட்டியிடம், கடைசி மகளுக்கும் மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது என்று சொன்னான். கூச்சமில்லாமல் ஒவ்வொருவராக வந்து, இல்லாதவர்களிடம் பேசிவிட்டுப் போனார்கள். ஜெபதுரை சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சலவைச் சட்டை போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். அதைக் கவனித்த கித்தேரியம்மாள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

பிறகு ஒரு ஞாயிறன்று வடிவு மைக்கில் சொன்னாள்: "சுந்தரி, நீ கேக்குறேன்னா ரேடியோவுக்கு எழுதிப்போட்டு அக்கா பேருக்கு ஒரு பாட்டு வெக்கச் சொல்லு. எந்தப் பாட்டானாலும் சரி."

மறுநாளிலிருந்து அந்த நிகழ்ச்சி நேரத்துக்கு அவள் என் கடை வாசலில் நிற்கத் தொடங்கினாள். கொட்டும் மழையிலும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வருவாள். பெயர்கள் வரும், முடியும். "இன்னிக்கு நெறயப் பேரு எழுதிட்டாங்க போல" என்று சொல்லிவிட்டுப் போவாள். போகப்போக அதையும் சொல்வதில்லை.

ஜெபதுரையால் என் கடைப் பக்கம் வர முடியவில்லை. கித்தேரியம்மாள்தான் வழி சொன்னாள்: "எப்பா, நம்ம பெட்டியிலயே சிலோன்காரரு மாதிரி நீ பேசு. சுந்தரி பேரச் சொல்லி ஒரு பாட்டப் போட்டுவிடு. நல்லுசாமி முள்ளக் கொஞ்சம் தள்ளி வச்சிட்டா அவளுக்கு என்ன தெரியப்போகுது? பாவம், ஒரு ராத்திரியாவது தூங்கட்டும்."

ஒப்புக்கொண்டார். இசைத்தட்டு இரவல் வாங்கினோம். நான் முள்ளைத் தள்ளி வைத்தேன். வடிவு வாசலில் நின்றாள். ரேடியோவில் கரகரவென்று ஓசை வந்தது, தொண்டையைச் செருமும் சத்தம் வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. பெட்டியை அணைத்துவிட்டு அவரே மேலேறி வந்தார்.

"வடிவு, நம்ம பெட்டி இந்தப் பள்ளத்தத் தாண்டாது. மேட்டுக்கு அந்தப் பக்கமே கேக்காது. மொதல் நாளே சொல்லியிருக்கணும். நான் சொல்லல."

வடிவு ரேடியோவை விட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அவ ஒண்ணுமே கேக்கலையா?"

"இல்லைங்க."

"நான் அழுததெல்லாம்?"

"நாங்க கேட்டோம்."

"ஒங்கள யாரு கேக்கச் சொன்னது?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அவள் திரும்பி வரவில்லை. அடுத்த ஞாயிறு கித்தேரியம்மாள் மைக்கின் முன் உட்கார்ந்தாள். "ஏ வடிவு, கோவம் இருக்கட்டும் தாயி. வந்து ஒரு வாய் டீயாச்சும் குடிச்சிட்டுப் போ. நீ இல்லாம இங்க எல்லாம் வெறிச்சோன்னு கெடக்கு." தோட்டத்து லயத்தில் ரேடியோ கிடையாது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் பேசினாள். அவளுக்குப் பிறகு திருமலைச்சாமி பேசினான். நானும் ஏதோ பேசினேன். ஜெபதுரை மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து, மைக்கைப் பிடித்து, ஒன்றும் சொல்லாமல் எழுந்தார்.

வடிவு ராமேஸ்வரம் பக்கம், சிலோனிலிருந்து வருகிறவர்களைத் தங்கவைக்கும் மண்டபம் முகாமுக்குப் போய்விட்டதாகத் தோட்டத்திலிருந்து பிறகு தகவல் வந்தது. கப்பலில் வருகிறவர்களிடம் தங்கையைப் பற்றி விசாரிக்கலாம் என்று போனாளாம். கேட்டதும் ஜெபதுரை கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு பஸ் நிற்குமிடத்துக்கு ஓடினார். அவள் போயே ஒரு வாரம் ஆகிவிட்டது என்று அங்கே போய்த்தான் நினைவுக்கு வந்ததாம்.

மழை முடிந்தபோது அதிகாரிகள் வந்தார்கள். யார் சொன்னார்களோ தெரியாது. பெட்டியையும் மைக்கையும் சாக்கில் கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். தைல மரத்திலிருந்து கம்பியை அவிழ்த்தார்கள். ஜெபதுரையைத் திண்டுக்கல் வரை கூட்டிப்போய், இனிச் செய்யமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். திரும்பி வந்தவர் வழக்கம்போலக் கடையைத் திறந்தார். மாலையானால் எங்களுக்குக் கையும் காலும் ஓடவில்லை. கீழ்புறத்து ஆட்கள் காரணமில்லாமல் ஓடையைத் தாண்டி என் கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

தை மாதம் ஒரு மத்தியானம் வடிவு வந்து நின்றாள். கறுத்து இளைத்திருந்தாள்.

"கிடங்கு பூட்டிக் கெடக்கே" என்றாள்.

நடந்ததைச் சொன்னேன். "மைக்குல ஒரு விஷயம் சொல்லணும்னு வந்தேன். சுந்தரிய இங்க எல்லாருக்கும் தெரியுமே" என்றாள். ஆள் அனுப்பி எல்லோரையும் கூப்பிட்டோம். ஜெபதுரை கடைசியாக வந்து வாசற்படியிலேயே நின்றார். பெஞ்சில் உட்காரச் சொல்லியும் உட்காராமல், வடிவு நின்றபடியே சொன்னாள்.

"எங்க லயத்துப் பொம்பள ஒருத்தி கப்பல்ல வந்தா. சுந்தரிக்குக் கல்யாணம் ஆயிருச்சாம். முழுகாம இருக்காளாம். கூரையும் மாத்திட்டாங்களாம்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இந்தியாவுக்கு வர மாட்டாளாம். அக்கா நல்லா இருக்கட்டும்னு சொன்னாளாம்."

கித்தேரியம்மாள் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "அப்ப இங்கயே இருந்துரு தாயி."

"இல்லக்கா, நான் போகணும். முகாம் சமையல்ல சோலி குடுத்திருக்காங்க. மனசு மாறி ஒருநா அவ வந்துட்டா? புள்ளையத் தூக்கிட்டு எறங்குறப்போ கரையில ஒரு ஆளு நிக்க வேணாமா?"

வாசற்படியில் நின்றபடியே ஜெபதுரைதான் கேட்டார்: "மண்டபத்துல ரேடியோ ரிப்பேர்க் கடை இருக்கா?"

வடிவு அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் முழுக்கத் தீர்ந்திருக்கவில்லை.

"இல்ல" என்றாள். பிறகு, "உப்புக் காத்துல அங்க ஒரு ரேடியோவும் ஒழுங்காப் பாடுறதில்ல" என்றாள்.

மாசி பிறந்ததும் ஜெபதுரை கடையைக் காலி செய்துவிட்டு, தகரப் பெட்டியோடு பஸ் ஏறினார். கித்தேரியம்மாள் ஒரு கூடை பீன்ஸைக் கொடுத்து அனுப்பினாள்.

அதன்பிறகு ஒரே ஒருமுறைதான் வந்தார். அறுபத்தொன்பது கிறிஸ்துமஸ் முடிந்த சமயம், மனைவியின் கல்லறைக்கு வெள்ளையடிக்க வந்திருந்தார். காதோரம் நரைத்திருந்தது. கடலோர வெயிலுக்குப் பழகிவிட்டதால் எங்கள் குளிரில் நடுங்கினார். சூடாக டீ போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்:

"சுந்தரி வந்துச்சா?"

"இன்னும் இல்ல. புள்ளைக்கு ரெண்டு வயசாம்."

"வடிவு?"

"இருக்கா. கப்பல் வர்ற நாள்ல ரெண்டு பேரும் கரைக்குப் போறோம். எல்லாரும் எறங்கி முடிக்கிற வரைக்கும் நிப்போம்." டம்ளரை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். "திரும்பி நடக்கிறப்ப அவ ஒண்ணும் பேச மாட்டா. நானும் பேசுறதில்ல."

இரவு தங்கிவிட்டுப் போகச் சொன்னேன். நாளைக்குக் கப்பல் இருக்கிறது என்று சொல்லி, டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு வெரசாகப் பஸ்ஸுக்கு மேலேறிப் போனார்.