ஒரு பாவில் மூன்று

கோதண்டபாணியின் மௌனத்துக்கு விலை ஒரு பட்டுப்புடவை. வாழ்நாளில் பேரம் பேசாமல் அவர் விற்ற சரக்கு அது ஒன்றுதான்.

வாங்கியவர் நடிகர் விஜயரூபன். படத்துக்குப் படம் தாலியைக் காப்பாற்றுகிறவர். ஆடி மாதம் கோதண்டபாணியின் பட்டுக்கடைக்கு வந்து, ஒரே மாதிரியான மூன்று மாம்பழ நிறப் புடவைகளின் அரக்குக் கரையைத் தடவிப் பார்த்தார். "ஒண்ணு வீட்டுக்கு. ஒண்ணு தனியா கட்டுங்க, பில்லுல வேணாம். மூணாவது உங்க வீட்டம்மாவுக்கு. நீங்க எதையும் பாக்கல."

கோதண்டபாணி பார்க்கவில்லை. அவரோடு நின்று எடுத்த போட்டோவைக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். வியாபாரம் கூடியது.

இப்போது அந்தப் போட்டோவுக்குக் கீழே விஜயரூபனின் மனைவி தேவகி உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா துரைக்கண்ணு இதே கடைக்குக் கூலிக்கு நெய்தவர். பாவாடை வயதில் அவள் புடவை கொண்டுவரும்போது, "இன்னா புள்ள, அழுக்கு பட்டுக்கினு இருக்குது?" என்று அதட்டிக் கூலியில் பிடித்த கோதண்டபாணிதான், இன்று "அம்மா" என்று மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் மடியிலிருந்த புடவையை விரித்தாள். "உலகத்துலயே ஒண்ணுதான்னு சொல்லிக் குடுத்தாரு. அப்புறம் ஷூட்டிங்குன்னு வூட்டுக்கே வரல. ஒண்ணுதானா, மொதலாளி?"

"ஒண்ணேதாம்மா."

"அவரு நடிகரு, சொல்லுவாரு. நான் தறிக்காரர் பொண்ணு. தறியில ஒரு பாவு ஏத்துனா ஒரே மாதிரி மூணு பொடவ அறுப்பீங்களே, மிச்ச ரெண்டு இன்னா ஆச்சு? கொழந்தைங்கள கூட்டிக்கினு அப்பா வூட்டுக்கே வந்துடலாமான்னு நிக்கிறேன். நீங்க சொல்றதுதான்."

அவர் சொன்ன பொய்களுக்கெல்லாம் இதுவரை ஒரு தரம் இருந்தது. "எலி கடிச்சிடுச்சும்மா."

வாங்குவதென்று முடிவுசெய்துவிட்டு விலை கேட்கும் முகம் அவருக்குத் தெரியும். தேவகி நம்புவதென்று முடிவுசெய்திருந்தாள். புடவையை மடிக்கவும் தொடங்கிவிட்டாள்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. திரையை விலக்கிக்கொண்டு அவர் மனைவி அலமு காபியோடு வந்தாள். வந்திருப்பது யார் என்று தெரிந்து, பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டியிருந்தாள். மாம்பழ நிறம், அரக்குக் கரை.

"உங்க வூட்டுக்காரர் குடுத்ததுதாம்மா. எனக்கு நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்குதுக்கா. எலி கடிச்ச எடமே தெரியல."

அலமு புரியாமல் கணவனைப் பார்த்தாள். அவர் காதுமடல் எரிய, தரையில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் இல்லாத நூலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

தேவகி மூன்று விரல்களை நீட்டினாள். "எங்கிட்ட ஒண்ணு." ஒன்று மடங்கியது. "உங்க வூட்ல ஒண்ணு." இரண்டாவதும் மடங்கியது.

காபியில் ஆடை படிந்தது. மூன்றாவது விரல் கோதண்டபாணியின் எதிரே நீட்டியபடியே இருந்தது.