நூற்றுப் பன்னிரண்டும் நூற்றுப் பதின்மூன்றும்

1
கண்ணுங்களா, இந்தக் கதை ஒரு கொடிக்கயிற்றிலிருந்து வந்தது. போன பெருவெள்ளம் வடிந்த வாரம், பேருந்து சிக்னலில் நின்றபோது பார்த்தேன்: அரசு ஆவணக் காப்பகத்தின் தாழ்வாரத்தில் கயிறு கட்டி, நனைந்த பதிவேட்டுத் தாள்களைக் கிளிப் போட்டுக் காயவைத்திருந்தார்கள். பச்சை விழுந்தது, வண்டி போய்விட்டது. நான் கண்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நானாகக் கட்டியது.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஆற்றின் வளைவில் ஒரு மன்னன் கோட்டை கட்டினான். கடல் தாண்டி வந்தவர்கள் அதை வரி வாங்கும் கச்சேரி ஆக்கினார்கள். அவர்களுக்குப் பின் நம்மவர்கள் வந்து'

வேண்டாம், அடித்துவிட்டேன். என் கதை நடக்கும் தலைநகரத்தின் சரித்திரம் சின்னது. யார் ஆட்சிக்கு வந்தாலும் முதலில் ஆற்றங்கரையை அளப்பார்கள். அளந்து முடித்துவிட்டு, அங்கே குடியிருப்பவர்களைப் பார்த்து, "நீங்க எப்ப வந்தீங்க?" என்று கேட்பார்கள்.

(ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கும், ஆற்றோரத்து ஆளைத் தெரியாது என்னும். ஊரின் குணம் அது.)

3
காப்பகத்தில் கிழிந்த தாள் ஒட்டுகிறவளை எல்லோரும் பசை அக்கா என்பார்கள். அவள் தம்பி குடியிருப்பது ஆற்றங்கரை ஓடத் தெருவில். கரையில் நடைபாதை போடப்போகிறார்கள். திங்கட்கிழமை விசாரணை. பழைய பதிவேட்டில் இருக்கிற தெரு பிழைக்கும், இல்லாதது போகும்.

அந்தப் பதிவேடு இப்போது நனைந்துபோய் அவள் வேலைத் தட்டில் இருக்கிறது. பக்கம் 112 ஓடத் தெரு, எதிரே 113 செங்கல் தெரு. வெளிப்புறத்து மையெல்லாம் வெள்ளத்தோடு போய்விட்டது. முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்ட இந்த இரண்டில்தான் எழுத்து தங்கியிருக்கிறது.

"என்ன பசை, ரெண்டு நாளா அதையே மோந்து பாத்துக்கிட்டிருக்கே?" என்றார் காப்பாளர்.

"ரெண்டும் வராது சார். எதை மேல வச்சுத் தேச்சுக் கரைக்கிறேனோ அது போயிடும், கீழ இருக்கறதுதான் முழுசா வரும். காஞ்சுபோச்சுன்னா அதுவும் இல்ல."

"வர்றதை எடு. வராததுக்கு 'கிடைக்கவில்லை'ன்னு சீல் இருக்கு. புதுசு, நல்லா விழுது."

மத்தியானம் தம்பி போன் பண்ணினான். பதிவேட்டைப் பற்றி அவன் கேட்கவே இல்லை.

"அக்கா, பின்சுவத்துல ஒரு ஜன்னல் வைக்கலாம்னு இருக்கேன். ஆறு தெரியும்."

"இப்பவாடா?"

"திங்கக்கிழமைக்கு அப்புறந்தான். அங்கதான் நீ இருக்கியே."

4
(முதல் பிரதியில் அவளை மகா நியாயஸ்தி ஆக்கியிருந்தேன். தம்பியைக் கைவிட்டு முன்பின் தெரியாதவர்களைக் காப்பாற்றினாள். படித்துப் பார்த்தேன். அப்படி ஒருத்தியை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை, என் வீட்டையும் சேர்த்துத்தான். கிழித்துப் போட்டேன்.)

இன்னொரு முடிவு: அவள் 113ஐக் கரைக்கிறாள். கிண்ணத்தில் சாம்பல் நிறத் தண்ணீர். அதில் நாற்பது வீடு. அதை எங்கே கொட்டுவதென்று தெரியாமல்... இதற்கு மேல் எழுத வரவில்லை.

இன்னொன்று: இரண்டையும் தொடாமல் விடுகிறாள். தாள் அட்டையாகக் காய்ந்துபோகிறது. சீல் இரண்டு தரம் விழுகிறது.

5
ஒன்றை உங்களிடம் மறைத்துவிட்டேன். செங்கல் தெரு எங்கள் தெரு. அது நான் கட்டியது இல்லை. 'கிடைக்கவில்லை' என்று சீல் விழுந்த தாள் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. நாங்கள் இருந்த இடத்தில் இப்போது காலையில் கைவீசி நடக்கிறார்கள்.

எங்கோ ஒருத்தி தன் தம்பிக்காக எங்களைக் கரைத்தாள் என்றால் எனக்குக் கொஞ்சம் பொறுக்கும். அதற்காகத்தான் பசை அக்காவைச் செய்தேன். நடந்தது அதுவாக இருக்காது. யாரும் பிரித்துக்கூடப் பார்க்காமல் சேற்றோடு சேர்த்து அள்ளிப் போட்டிருப்பார்கள்.

ஆனாலும் செய்துவிட்டேன், அவள் உட்கார்ந்திருக்கிறாள். நான் எழுதுகிறபடிதான் அவள் கை அசையும். 113ஆம் பக்கத்துக்காரி நான், என் கையை எனக்கே நம்ப முடியவில்லை. எழுந்து வெளியே போகிறேன். நீங்கள் பக்கத்தில் இருங்கள், கண்ணுங்களா. தாள் ஓரத்தில் காயத் தொடங்கிவிட்டது. அவள் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு உங்களைத்தான் பார்க்கிறாள்.

"எதை மேல வைக்கட்டும்?"