மதியழகிக்காக ஒரு ஜெபம்

டமார்!

நடுச்சுவர் அதிர்ந்தது. டிவிக்கு மேலே ஆணியில் தொங்கிய சபைக் கலண்டர் கழன்று வந்து திரையின் மேல் சாய்ந்து நின்றது. இயேசுவின் முகம் மதியழகியின் முகத்தை முழுசாக மறைத்தது.

"ஐயய்யோ, மறைக்குது! எடு சலோமி, எடு!" என்று கத்தினாள் ரெங்கம்மா.

சலோமி பாய்ந்து போய்க் கலண்டரைப் பிடுங்கிக் கட்டில் மேல் வீசினாள். நல்லவேளை, காட்சி முடிந்துவிடவில்லை. மதியழகி நிறைவயிற்றோடு கொட்டும் மழையில் புருஷன் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட் திறக்கவில்லை. சலோமியின் கண்கள் நிறைந்தன.

சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடியும் என்னவோ உருண்டது.

"சேந்தன் வீட்டுல என்னமோ விழுவுது போல" என்றாள் சலோமி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"கட்டில நகத்துறானாக்கும். புதுசா கல்யாணம் கட்டுனவன். நீ சவுண்ட கூட்டு."

சலோமி கூட்டினாள்.

லுணுகலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த லயத்து வீடுகளில், டிஷ் இருந்தது சலோமி வீட்டில் மட்டும்தான். கொழும்பில் வேலை செய்யும் மகள் வாங்கிக் கொடுத்தது. கணவர் ஃபெக்டரியில் இராக்காவல். பொழுது சாயும்போதே கிளம்பிவிடுவார். ஏழரை மணிக்கு நாடகத்தின் பாட்டு தொடங்கியதும் லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் சலோமியின் காம்பரா அறையில்தான் இருப்பார்கள். ஒரு பெண் குரல் "ஆ... ஆ..." என்று ஒப்பாரி மாதிரி இழுத்துப் பாடும் பாட்டு. பள்ளத்தில் இருக்கும் கோயில் வரைக்கும் கேட்கும்.

சலோமி ஜெபக்காரி. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் முழங்கால் போடாமல் அவள் வாசல்படி தாண்டியதில்லை. வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டமும் அவள் வீட்டில்தான். முன்பெல்லாம் அது ஏழரைக்கு நடந்தது. நாடகம் வந்த பிறகு ஆறு மணிக்கு மாறியது. "பனி இறங்குது ஐயா, சீக்கிரமே முடிச்சிருவோம்" என்று பாஸ்டரிடம் சொன்னவள் சலோமிதான். பாஸ்டரும் நம்பினார்.

அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் நிறைந்திருந்தது. ரெங்கம்மாகூட வந்திருந்தாள். அவள் சபைக்காரி இல்லை. தேத்தண்ணிக்கும் பணிசு ரொட்டிக்கும் வருவாள், அதற்குப் பதிலாக எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொல்லிவிட்டுப் போவாள். வாசல்படியில் ஒரு புது ஆள். பக்கத்துக் காம்பரா லக்ஷிகா. சேந்தன் மடுல்சீமையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பிள்ளை. சால்வையைத் தலையோடு போர்த்தி, உள்ளே வரவும் மனமில்லாமல், போகவும் மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஜெபம் தொடங்கியது. எல்லோரும் ஒரே நேரத்தில் வாய் திறந்து மன்றாடினார்கள். சலோமிக்குக் கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது.

"ஆண்டவரே, மதியழகியப் பாரும்! வயித்துப் புள்ளையோட மழையில நிக்கிறாளே! அந்தப் படுபாவி மனச உடையும் ஆண்டவரே!"

பாஸ்டரின் காதில் அது விழுந்தது. கையை உயர்த்திச் சபையை அமர்த்தினார்.

"சபையே, மதியழகி என்கிற இந்தச் சகோதரிக்காக நாம எல்லாரும் சேர்ந்து ஜெபிப்போம்!"

ஜெபித்தார்கள். அப்படி ஒரு ஜெபம் அந்த லயத்தில் நடந்ததே இல்லை. சிலர் தரையில் விழுந்தார்கள். சிலர் மார்பில் அடித்துக்கொண்டார்கள். ரெங்கம்மாவின் ஆமென் கூரைத் தகரத்தில் மோதித் திரும்பியது. பாஸ்டரே கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

எல்லாம் அடங்கியதும் கேட்டார். "சலோமியம்மா, அந்தப் புள்ள எந்தத் தோட்டம்? நாளைக்கே போய்ப் பார்ப்போம். ரெண்டு உடுப்பு, கொஞ்சம் அரிசி, ஏதாவது கொண்டு போவோம்."

அப்போதுதான் சலோமிக்கு உறைத்தது.

வாய் நிறையப் பணிசோடு ரெங்கம்மா பதில் சொன்னாள். "அவ தோட்டத்துல இல்லீங்க ஐயா. டிவியில இருக்கா. சனி, ஞாயிறு வரமாட்டா."

ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு சிரிப்பு வெடித்தது. அழுத கண்ணைத் துடைக்காமலே சிரித்தார்கள். பாஸ்டர் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் கைக்குட்டையை மடித்து மடித்து வைத்தார். வெட்கம் தாங்காமல் சலோமியும் சிரித்தாள்.

சிரிக்காதவள் ஒரே ஒருத்தி. லக்ஷிகா எழுந்தாள். எழும்போது சால்வை நழுவியது. காதுக்குக் கீழே, கழுத்து ஓரமாக, கன்றிப்போன நீலம். சட்டென்று சால்வையை இழுத்துக்கொண்டு அவள் இருட்டில் இறங்கிவிட்டாள்.

சலோமியின் சிரிப்பு அப்படியே நின்றது. டமார் என்று அதிர்ந்த சுவர் நினைவுக்கு வந்தது. கட்டிலும் மேசையும் விழுந்தால் கழுத்து நீலமாகாது.

எல்லோரும் போன பிறகு பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "அம்மா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. இது சாத்தான் பெட்டி. வித்துருங்க."

"வித்தா வாங்குறவன் வீட்டுக்குச் சாத்தான் போயிருமா ஐயா? அது என்னா நியாயம்?"

பாஸ்டர் திகைத்தார். சலோமி இப்படி எதிர்த்துப் பேசி அவர் கேட்டதில்லை.

"பெட்டி மேல பழி போடாதீங்க. சவுண்ட கூட்டுனது என் விரலு. யாரோ எழுதுன கதைக்கு அழுதது என் கண்ணு. இயேசப்பா படத்தயே மறைக்குதுன்னு எடுத்து வீசுனவ நானு. இதெல்லாத்தையும் யாருக்கு விக்கிறது? பக்கத்து வீட்டுப் புள்ள கழுத்தப் பாத்தீங்களா ஐயா?"

"இல்லையே அம்மா."

"நானும் இன்னைக்குத்தான் பாத்தேன். ஒரே சுவரு. ஆண்டவரு அழுறதுக்குக் குடுத்த கண்ணீர எங்க கொண்டுபோய் ஊத்தியிருக்கேன் பாருங்க."

பாஸ்டர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு தலையை ஆட்டியபடி இறங்கிப் போனார்.

ஏழரைக்குப் பெண்கள் பாயோடு வந்தபோது டிவி அணைந்து கிடந்தது.

"கரண்ட் இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம்? டிஷ்ஷுக்குக் காசு கட்டலையா?"

"கட்டியிருக்கு. நாடகம் போடமாட்டேன்."

"ஏன்டி?" என்றாள் ரெங்கம்மா. "இன்னைக்கு மதியழகிக்கு வலி எடுக்குற நாளு!"

"எடுக்கட்டும். அவளுக்கு ஆஸ்பத்திரியும் எழுதியிருப்பாங்க, டாக்டரும் எழுதியிருப்பாங்க. நான் இந்தச் சுவத்துக்குப் பக்கத்துல சும்மா உக்காரப்போறேன்."

"பாஸ்டர் ஏசிட்டாரா? ஒரு ஜெபத்துல பெரிய ஊழியக்காரி ஆயிட்டாளாம்!"

திட்டிக்கொண்டே கலைந்தார்கள். சலோமி சுவரில் காதை வைத்தாள். சட்டி கழுவும் சத்தம். சேந்தன் இருமும் சத்தம். வேறொன்றும் இல்லை.

மறுநாளிலிருந்து அதுவே வழக்கமானது. செய்தி கேட்பாள். மழைக்காலம், மண்சரிவு எச்சரிக்கை வருகிறதா என்று பார்ப்பாள். பார்த்ததும் தானே எழுந்து அணைப்பாள். கை பரபரக்கும், மதியழகிக்கு ஆணா பெண்ணா என்று நெஞ்சுக்குள் அரிக்கும். எழுந்து போய் அடுப்பை ஊதுவாள். பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது லக்ஷிகாவிடம் கேட்டும் பார்த்தாள்.

"கழுத்துல என்னா புள்ள?"

"மலையில வழுக்கிட்டேங்க்கா." குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மலையில் கொழுந்து பறிக்கும்போது பெண்கள் சலோமியோடு ஒரே வரிசையில் நிற்கவே மறுத்தார்கள். "ஒன்னுமே இல்லாத சுவத்துக்குக் காவலாம்" என்று ரெங்கம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சிரித்தாள். "அந்தச் சேந்தன் பய எவ்ளோ தங்கமா இருக்கான். அவன் ஆட்டோவுல என்னய ஆஸ்பத்திரிக்குச் சும்மாவே கூட்டிட்டுப் போனானே!"

சலோமிக்கும் சந்தேகம் வந்தது. சுவர் அதற்குப் பிறகு ஒரு நாளும் அதிரவில்லையே! தான்தான் தவறாக எடுத்துக்கொண்டோமோ? ஆனாலும் டிவியைப் போடவில்லை. இத்தனை காலமும் கேட்காததற்குக் கொஞ்சக் காலம் கேட்டுத்தான் பார்ப்போமே என்று வீம்பாக இருந்தாள்.

அடுத்த வாரம் சேந்தனே வந்தான். பின்னால் ரெங்கம்மா, அவளுக்குப் பின்னால் பாயோடு மற்ற பெண்கள்.

"என்னக்கா, டிவி கெட்டுப்போச்சா? லுணுகலையில எனக்குத் தெரிஞ்ச பையன் இருக்கான், கூட்டிட்டு வரவா?"

"கெடல தம்பி. நான்தான் போடல."

"பாவம்க்கா, இவங்க. நாள் பூராவும் மலையில கஷ்டப்பட்டுட்டு வாராங்க. ஒரு நாடகம் பாக்கக் கூடாதா? லயமே எழவு வீடு மாதிரி கெடக்கு."

"நல்லா கேளு தம்பி" என்றாள் ரெங்கம்மா.

"நீ ஒரு நாளாவது இங்க உக்காந்து நாடகம் பாத்திருக்கியா?" சலோமி கேட்டாள்.

"பாக்கணுமா என்ன? சத்தம் கேட்டாலே சந்தோஷமா இருக்கும்க்கா." சிரித்தபடியே உள்ளே வந்து, மேசை மேலிருந்த ரிமோட்டை எடுத்து அவனே அமுக்கினான். சத்தத்தையும் கூட்டினான்.

"ஆ... ஆ..." பாட்டு எழுந்தது. பெண்கள் ஆர்ப்பரித்துக்கொண்டு பாயை விரித்தார்கள். ரெங்கம்மா முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

சேந்தன் உட்காரவில்லை. ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தான். பாட்டைப் போட்டவனுக்குப் படம் வேண்டியிருக்கவில்லை. சலோமி அவன் பின்னாலேயே இஸ்தோப்புத் திண்ணைக்கு ஓடினாள்.

பக்கத்து வாசலில் லக்ஷிகா நின்றாள். கையில் பாதி தேய்த்த சட்டி. பாட்டு காதில் விழுந்ததும் சட்டி கீழே விழுந்தது. அவள் உள்ளே போகவில்லை. வெறுங்காலோடு, கையில் சாம்பலோடு, எதிரே வந்த புருஷனைத் தாண்டிச் சலோமியிடம் ஓடி வந்தாள்.

"உள்ள போடி" என்றான் சேந்தன். பல்லுக்கு இடையில்தான் சொன்னான்.

சலோமி அவளை உள்ளே இழுத்தாள். ஒரே எட்டில் போய் டிவியின் வயரைப் பிளக்கோடு பிடுங்கினாள். பாட்டு பாதியில் அறுந்தது. பெண்கள் "ஏய்!" என்று கத்தினார்கள். சலோமி திரும்பி வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். வயர் இன்னும் கையில் இருந்தது.

"அக்கா, இது எங்க குடும்ப விசயம். தள்ளுங்க."

"குடும்ப விசயத்துக்கு என் டிவிய எதுக்குடா வந்து போட்ட?"

"தள்ளுங்கன்னேன்."

"தள்ளமாட்டேன். ஆண்டவரு மேல ஆணையா தள்ளமாட்டேன். என்னய அடிச்சிட்டு உள்ள போ. இன்னைக்கு லயத்துக்கே கேக்கும்."

அவன் கை ஓங்கவில்லை. உள்ளே அத்தனை பெண்கள். ரெங்கம்மா மெல்ல எழுந்து வந்தாள். லக்ஷிகாவின் தலையிலிருந்து சால்வையை விலக்கினாள். பழைய நீலம் மஞ்சளாக மாறியிருந்தது. புதிதாக எதுவும் இல்லை. இந்த ஒரு வாரத்தில் எதுவும் இல்லை.

"என்னாடி புள்ள இது? இங்க ஏன் ஓடியாந்த? அவன் ஒன்னத் தொடக்கூட இல்லையே!"

லக்ஷிகா வாசலில் நின்ற புருஷனைப் பார்க்கவில்லை. இருண்டு கிடந்த திரையைப் பார்த்தாள். எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னாள்.

"அந்தப் பாட்டு கேட்டாத்தாங்க்கா அவரு கதவச் சாத்துவாரு."