மேட்டுக்குப் போக வேண்டாம்

இணையம் வேண்டுமென்று புருஷனை நச்சரித்தவள் கனிஷாய்தான். வேறு யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. வயிற்றெரிச்சலே அதுதான்.

நாரின் என்ற மலைப்பகுதிக்குள் ஒடுங்கிக் கிடந்த அந்த ஊரில், போன் பேச ஒரே இடம் ஊருக்குப் பின்னாலிருந்த மேடு. சாயங்காலம் மாடு கறந்து முடித்ததும் ஊர் மருமகள்கள் எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுவார்கள். மாஸ்கோவில் கட்டட வேலை பார்க்கும் புருஷன்மாரிடம் நாலு வார்த்தை. மீதி நேரமெல்லாம் மாமியார்களின் தலையை உருட்டுவதுதான். தலைத்துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்க அவர்களுக்கு அந்த மேட்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

அங்கே நின்றுதான் கனிஷாய் பிஷ்கெக் நகரத்தில் கணக்குப் படிப்புக்கு மனுப் போட்டாள். இரண்டு வருஷம், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். படிப்புகூட அவளுக்கு இரண்டாம் பட்சம். உள்ளே தாழ் போட ஒரு கதவு, தனக்கென்று ஒரு கட்டில். அதுதான் முதல். "இடம் கெடைச்சா போ, அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று புருஷன் எர்மெக் வாக்குக் கொடுத்திருந்தான். எழுத்துத் தேர்வில் தேறியும்விட்டாள். நேர்முகத்தின்போதுதான் பாழாய்ப்போன காற்றடித்து, பேச்சு பாதியில் அறுந்துபோயிற்று. இன்னொரு நாள் தருகிறோம் என்றார்கள். அதுவும் அறுந்துவிடக் கூடாதென்றுதான் வீட்டுக்கே இணையம் போடச் சொல்லி எர்மெக்கை அரித்தெடுத்தாள்.

வந்தது. கூரையில் ஒரு தட்டு, அலமாரி மேல் பச்சை விளக்கு மினுக்கும் ஒரு பெட்டி. மாட்ட வந்தவன், "யார் பேர்ல போடணும்?" என்று கேட்டான். மாமனார் ஆட்டோடு போயிருந்தார். மருமகள் வாயில் மாமனார் பேர் வரலாமா? பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்லவைத்தாள்.

அன்றைக்கே மாமியார் சைராகுல் சட்டம் போட்டாள். "இனிமே எதுக்குடி அந்த மேட்டுல போய்க் காத்துல நிக்கணும்? எம் பக்கத்துல உக்காந்து பேசு. நானும் எம் புள்ள மொகத்தப் பாத்துக்குவேன்."

மேடு போயிற்று. போனால் போகட்டும், இன்னும் கொஞ்ச நாள்தானே என்று கனிஷாய் பல்லைக் கடித்துக்கொண்டாள். வியாழக்கிழமை மத்தியானம் நேர்முகம். மாட்டுக்கொட்டகைவரை இணையம் எட்டுகிறதா என்று பசுவின் முதுகுக்குப் பின்னால் நின்று சோதித்தும் பார்த்துவிட்டாள்.

மாமியார் அதே வியாழக்கிழமை மத்தியானம் விருந்து வைத்தாள்! புது மருமகள் வந்தாலும் புதுக் குழந்தை பிறந்தாலும் முகம் பார்த்துக் காணிக்கை வைக்கிற ஊர் அது. பெட்டி மட்டும் என்ன பாவம் செய்தது? சனம் வந்து பெட்டியை மேலும் கீழும் பார்த்து, அதன் தலையில் சோம் பண நோட்டு ஒன்றை வைத்துவிட்டு, உட்கார்ந்து பொரித்த போர்சோக் மாவுத்துண்டுகளை வெண்ணெயில் முக்கித் தின்றது.

சமோவார் பக்கத்தில் கனிஷாய். தேநீர் ஊற்றும் மருமகள் நடுவில் எழுந்து போவதாவது! கால் கிண்ணம்தான் ஊற்ற வேண்டும். நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம். அன்றைக்கு விளிம்புவரை ஊற்றிவிட அவளுக்குக் கை பரபரத்தது.

அவள் போன் மாமியார் கையில். மகனை ஊருக்கே காட்டிக்கொண்டிருந்தாள்.

"டேய், துரும்பா எளைச்சிட்டியேடா!"

"அம்மா, போனைத் தள்ளிப் பிடி. உன் மூக்கு மட்டுந்தான் தெரியுது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பேசி முடித்தும் அவள் போனை விடவில்லை.

"அத்தை, அதை ஒரு நிமிஷம் குடுங்களேன்..."

"இருடி, தின்னுடவா போறேன்?"

அதற்குள் மணி அடித்தது. மறுபடி மகன்தான் என்று மாமியார் பட்டென்று அழுத்தினாள். கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் வந்து நின்றாள்.

"கனிஷாய் இருக்காங்களா? கணக்குப் படிப்பு நேர்முகம்."

மாமியார் திரும்பிக் கனிஷாயை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். மாமனார்தான் சொன்னார்: "பேசும்மா. கேக்குறாங்கல்ல."

கையில் தேநீர்க் குடுவையோடு பேசினாள். கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொன்னாள்.

"ஏ சைராகுல், உம் மருமக வாய்க்குள்ள இவ்வளவு பேச்சா இருந்துச்சு!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சிடுசிடுவென்றிருந்த மாமியார் முகத்தில் மெல்லப் பெருமை ஏறியது.

"உங்களுக்கு இடம் உறுதி" என்றாள் அந்த அம்மாள். "போன தடவை ஒண்ணுமே கேக்கல. இன்னைக்கு எங்கேருந்து பேசுறீங்க?"

"எங்க வீட்டுலேருந்துதான்! எங்க சொந்த இணையம்!" என்று மாமியார் முந்திக்கொண்டாள்.

"அப்படியா! இவ்வளவு நல்லா வந்தா நீங்க அங்கேருந்தே படிக்கலாமே. பாடம் எல்லாம் போன்லயே வரும். இல்ல, விடுதிதான் வேணுமா?"

விடுதி. ஒரே வார்த்தை. கனிஷாய் வாயைத் திறந்தாள்.

அதற்குள் மாமனார் வேண்டுதலுக்கு இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்திவிட்டார். நல்ல மனுஷன், கண் கலங்கியிருந்தது. "படிப்பும் வந்துச்சு, எம் மருமகளும் வீட்டுலயே இருக்கா. இந்த வீட்டுலேருந்தே படிச்சுப் பெரிய ஆளா வரட்டும். ஓமின்!"

"ஓமின், அப்படியே ஆகட்டும்!" என்று அத்தனை பேரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். பெரியவர் கையேந்தி வாழ்த்திவிட்டால் முடிந்தது கதை. மாஸ்கோவிலிருக்கிற எர்மெக்கூட இனி வாய் திறக்க முடியாது. கனிஷாய் குடுவையைக் கீழே வைத்தாள். அவள் கைகளும் முகத்துக்குப் போயின.

"அப்ப வீட்டுலேருந்துன்னு போட்டுக்கவா?" போனில் அந்த அம்மாள் கேட்டாள்.

"ம்" என்றாள்.

சாயங்காலம் விருந்தாளிகளை வழியனுப்ப வாசலில் நின்றபோது மருமகள்கள் கூட்டமாக மேடேறிக்கொண்டிருந்தார்கள். அவள் தோழி நாசிரா திரும்பிக் கத்தினாள்: "உனக்கென்னடி, மகாராணி! நானும் எங்க வீட்டுக்குப் போடச் சொல்லி இன்னைக்கே எம் புருஷங்கிட்ட கேக்கப் போறேன்!"

கேட்காதே என்று அலற வேண்டும்போல் இருந்தது. மாமியார் அவள் தோளில் வாஞ்சையாகக் கை போட்டு நின்றாள்.

"கேளுடி" என்றாள் கனிஷாய்.